தோல் ஒரு செங்கல் சுவர்: பூசும் ஜெல் உள்ளே போகும் கதை

மாத்திரை வாங்கினால் எத்தனையோ கேள்வி கேட்கிறோம். சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? ஒரு வேளைக்கு ஒன்றா, இரண்டா? மற்ற மருந்தோடு சேர்த்துச் சாப்பிடலாமா? ஆனால் முழங்கால் வலிக்கு ஒரு ஜெல் டியூப்பைக் கையில் கொடுத்தால் ஒரு கேள்வியும் வருவதில்லை. “வெளியில் பூசுவதுதானே, என்ன ஆகிவிடப் போகிறது?” என்று சொல்லிக்கொண்டே வலிக்கிற இடமெல்லாம் தடவி விடுகிறோம்.

இந்தப் பேச்சுக்குள் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு நம்பிக்கைகள் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? வலி குறையும் என்று பூசுகிறோம். அப்படியானால் மருந்து தோலைக் கடந்து உள்ளே போகிறது என்று நம்புகிறோம். கெடுதல் எதுவும் வராது என்கிறோம். அப்படியானால் மருந்து வெளியிலேயே நின்றுவிடுகிறது என்றும் நம்புகிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது.

மருந்து உள்ளே போகிறது என்பதுதான் உண்மை. ஆனால் எவ்வளவு போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: மருந்தின் மூலக்கூறு, பூசுகிற இடத்தின் தோல், மருந்தைச் சுமந்து வரும் ஜெல். முதல் இரண்டையாவது நாம் ஓரளவு ஊகிக்கலாம். மூன்றாவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆய்வுக்கூடங்களில் அதிக உழைப்பு அந்த மூன்றாவதற்குத்தான் செலவாகிறது. அந்த உழைப்பின் ஒரு பகுதி நம் கோலாலம்பூரிலேயே நடந்திருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் சொல்லித் தரும் பாடம்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரை அழித்தன. பலகையும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊரைச் செங்கல்லும் ஓடும் கொண்டு திரும்பக் கட்ட வேண்டும் என்று முடிவானது. அதற்கான செங்கற்கள் இந்தப் பகுதியின் சூளைகளில் வெந்தன. இன்று ஜாலான் துன் சம்பந்தனில் பூமாலை வாங்கப் போகிறவர்கள் நடப்பது அந்தப் பழைய செங்கல் நிலத்தின் மேல்தான்.

நம் தோலின் மேற்பகுதியை விளக்க அறிவியலாளர்கள் சொல்லும் உவமையும் இதுதான்: செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தோலின் ஆக மேலே ‘கொம்புப் படலம்’ என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இதன் தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் மட்டுமே. நீங்கள் எழுதும் தாளின் தடிப்பு ஏறக்குறைய 100 மைக்ரோமீட்டர். ஒரு தாளில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் படலம்தான் உடலின் தண்ணீர் வெளியேறாமலும், வெளியிலுள்ள வேதிப்பொருள்கள் உள்ளே நுழையாமலும் காக்கிறது.

இந்தச் சுவரின் செங்கற்கள், கெராட்டின் என்ற புரதம் நிறைந்த இறந்த செல்கள். தட்டையாக, 15 அல்லது 20 வரிசைகளாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்கியிருக்கின்றன. இடையிலுள்ள சாந்து, செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றால் ஆனது. உள்ளே போக விரும்பும் மருந்து மூலக்கூறு பெரும்பாலும் செங்கல்லைத் துளைத்துப் போவதில்லை. சாந்துக்குள் புகுந்து, ஒவ்வொரு செங்கல்லையும் சுற்றிச் சுற்றி வளைந்துதான் போகிறது. படலம் மெல்லியதாக இருந்தாலும் பாதை நீளமாவது இதனால்தான்.

சுவரைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகிறது. அதற்குக் கீழே உயிருள்ள செல்கள். அங்கே ஈரம் அதிகம். அதற்கும் கீழே இரத்த நாளங்கள். ஆகவே மருந்துக்கு இரண்டு குணமும் வேண்டும்: சாந்தைக் கடக்கக் கொஞ்சம் கொழுப்பில் கரைய வேண்டும், பிறகு ஈரத்தைக் கடக்கக் கொஞ்சம் நீரிலும் கரைய வேண்டும். கொழுப்பை மட்டும் விரும்பும் மூலக்கூறு சாந்திலேயே தங்கிவிடும். நீரை மட்டும் விரும்புவது சுவரின் வெளியிலேயே நின்றுவிடும்.

யாருக்கு வழி கிடைக்கும்?

அளவும் முக்கியம். தோலைக் கடக்கும் மூலக்கூறு 500 டால்டனுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். டால்டன் என்பது மூலக்கூறுகளின் நிறையைச் சொல்லும் அலகு. ஹைட்ரஜன் அணு ஒன்று ஏறக்குறைய 1 டால்டன்.

இந்த அளவுகோலை வீட்டிலுள்ள பொருள்களுக்குப் பொருத்திப் பாருங்கள். தைலத்தில் குளிர்ச்சி தரும் மென்தால் 156. தசைவலித் தைலங்களில் மணக்கும் மெத்தில் சாலிசிலேட் 152. வலி ஜெல்களிலுள்ள கீட்டோபுரோஃபென் 254, டிக்லோஃபினாக் 296. எல்லாம் வரம்புக்குள் இருக்கின்றன. இன்சுலினோ ஏறக்குறைய 5,800. ஆகவேதான் இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்றும் ஊசியைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. இன்சுலினை ஜெல்லில் கலந்து பூசினால் சுவருக்கு வெளியிலேயே நிற்கும்.

சிறியதாக இருந்தால் மட்டும் போதாது. குளுக்கோஸ் வெறும் 180 டால்டன்தான். ஆனால் அது நீரை மட்டுமே விரும்புகிறது. கையில் தேன் ஒட்டினால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதில்லை அல்லவா?

தோலும் உடலெங்கும் ஒரே மாதிரி இல்லை. 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தை உடலின் பல இடங்களில் பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் போவதை 1 பங்கு என்று வைத்தால், நெற்றியில் 6 பங்கு, தாடையில் 13 பங்கு, விதைப்பையில் 42 பங்கு. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். ஒரே மருந்து, ஒரே மனிதர், இடம்தான் வேறு.

ஜெல் என்பது வெறும் பசை அல்ல

இனி மூன்றாவது விஷயத்துக்கு வருவோம். வலி ஜெல் டியூப்பின் அட்டையில் சிறிய எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். மருந்தின் பெயரை அடுத்து, கார்போமர் என்ற சொல்லை நீங்கள் அடிக்கடி காணலாம். ஜெல்லுக்கு உடல் கொடுப்பது அதுதான்.

கார்போமர் ஒரு வெள்ளைத் தூள். அக்ரிலிக் அமிலத்தின் மூலக்கூறுகள் கோத்த நீளமான சங்கிலிகளால் ஆனது. அதைத் தண்ணீரில் தூவினால் சங்கிலிகள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். கலவை மெலிதாகவும் புளிப்பாகவும் இருக்கும். இப்போது ஒரு காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், சங்கிலி நெடுகிலும் எதிர்மின்னூட்டம் உண்டாகிறது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். சுருண்ட சங்கிலிகள் விறைத்து நீண்டு, வலை போலப் பின்னிக்கொண்டு தண்ணீரைச் சிறைப்பிடிக்கின்றன. நூறு கிராம் கலவையில் ஒரு கிராம் தூள் இருந்தாலே போதும், தண்ணீர் ஜெல்லாகிவிடும். எஸ்.பி.எம். வேதியியலில் அமிலமும் காரமும் நடுநிலையாவதைப் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் பாடம் டியூப்புக்குள்ளும் இருக்கிறது.

இதை நீங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். கைச்சுத்திகரிப்பு ஜெல் பாட்டில் ஒன்றை எடுங்கள். பட்டியலில் கார்போமர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தேக்கரண்டி ஜெல்லைத் தட்டில் வைத்து, ஒரு சிட்டிகை உப்பைத் தூவிக் கலக்குங்கள். கெட்டியாக இருந்த ஜெல் கண்முன்னே தண்ணீராக ஓடும். உப்பிலுள்ள சோடியம் நேர்மின்னூட்டம் உள்ளது. அது சங்கிலியின் எதிர்மின்னூட்டத்தை மறைத்துவிடுகிறது. தள்ளும் விசை போய், சங்கிலி மறுபடியும் சுருள்கிறது. பிடித்து வைத்த தண்ணீர் வெளியேறுகிறது. இந்த ஜெல்லில் ஆல்கஹால் உண்டு. அடுப்புக்கு அருகில் செய்யாதீர்கள்.

தோலில் பூசும்போதும் இதுதான் நடக்கிறது. நம் வியர்வையில் உப்பு இருக்கிறது. டியூப்பில் கெட்டியாக நின்ற ஜெல், தோலைத் தொட்டதும் நெகிழ்ந்து பரவி, தாங்கி வந்த மருந்தை விடுவிக்கத் தொடங்குகிறது.

ஜெல்லில் வேறு துணைவர்களும் உண்டு. புரோப்பிலீன் கிளைக்கால், ஆல்கஹால் போன்றவை மருந்தைக் கரைத்து வைப்பதோடு, செங்கற்களுக்கு இடையிலுள்ள கொழுப்புச் சாந்தையும் கொஞ்ச நேரம் தளர்த்துகின்றன. மென்தாலுக்கும் இந்த வேலை தெரியும். ‘எமல்ஜெல்’ எனப்படும் வகையில் ஜெல்லுக்குள் நுண்ணிய எண்ணெய்த் துளிகளும் இருக்கும். தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தர, எண்ணெய்த் துளி மருந்தைத் தோலின் கொழுப்புக்குள் கொண்டு சேர்க்கும்.

அந்த எண்ணெய் நம் ஊர்ச் செம்பனையிலிருந்து வந்தால் என்ன? பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செம்பனை எண்ணெயிலிருந்து பெற்ற எஸ்டர்களை நுண்துளிகளாக்கி, கீட்டோபுரோஃபென் மருந்தை அதில் ஏற்றிச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் செம்பனை எஸ்டர்களைக் கொண்டு இத்தகைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நம் பாட்டன்மார் தோட்டத்தில் குலை வெட்டிய காலத்தில், அந்த எண்ணெய் மருந்து சுமக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் ஒரு துண்டுத் தோல்

ஜெல் செய்தாகிவிட்டது. அது மருந்தை உள்ளே அனுப்புகிறதா என்று எப்படி அறிவது? அதற்குப் பயன்படும் கருவியின் பெயர் ஃபிரான்ஸ் கலம். 1975இல் தாமஸ் ஃபிரான்ஸ் என்பவர் விவரித்ததால் இந்தப் பெயர்.

இரண்டு கண்ணாடி அறைகள், ஒன்றின் மேல் ஒன்று. நடுவில் ஒரு துண்டுத் தோல். பெரும்பாலும் பன்றியின் காதுத் தோல், எலித்தோல் அல்லது செயற்கைச் சவ்வு. மேல் அறையில் ஜெல். கீழ் அறையில் இரத்தத்தின் பி.எச். அளவான 7.4க்குச் சரிசெய்த உப்புக் கரைசல். அதைச் சுற்றிலும் வெந்நீர் ஓடும்; தோல் ஏறக்குறைய 32 பாகை செல்சியஸில் இருக்கும். ஒரு சிறிய காந்தம் கீழே கலக்கிக்கொண்டே இருக்கும். மணிக்கு மணி கீழ்க்கரைசலில் கொஞ்சம் எடுத்து, எவ்வளவு மருந்து வந்திருக்கிறது என்று அளப்பார்கள்.

பள்ளியில் ‘ரெசப்பான்’ என்று படிக்கும் பரவல்தான் இங்கே நடக்கிறது. செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகள் நகரும். ஜெல்லில் கரைந்திருக்கும் மருந்து கூடினால் வேகம் கூடும். சுவர் தடித்தால் வேகம் குறையும். ஜெல் மருந்தை இறுகப் பிடித்துக்கொண்டாலும் வேகம் குறையும். அடோல்ஃப் ஃபிக் 1855இல் எழுதிய விதி இன்றும் இந்தக் கிண்ணத்தில் அப்படியே செல்லுபடியாகிறது.

இதோடு முடிவதில்லை. பி.எச். அளவு தோலுக்கு ஒத்துப் போகிறதா? இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் ஜெல் எவ்வளவு தூரம் பரவுகிறது? கிருமி வளர்கிறதா? இன்னொரு சோதனை நம் பகுதிக்கே உரியது. மருந்து அலமாரியில் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் நீண்டகாலச் சோதனையை ஆசியான் நாடுகளில் 30 பாகை செல்சியஸிலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் செய்ய வேண்டும். குளிர்நாட்டு அளவான 25 பாகையும் 60 விழுக்காடும் இங்கே செல்லாது. காரணத்தை கிள்ளானில் நண்பகல் வேளையில் வெளியே நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே காரணத்தால் காரின் முன்பெட்டியில் ஜெல் டியூப்பைப் போட்டு வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 30 பாகையோடு நிற்பதில்லை.

ஒரே மருந்து, வேறு பலன்

இத்தனை சிரமம் தேவையா? மருந்துதானே வேலை செய்கிறது, ஜெல் எதுவாக இருந்தால் என்ன? இந்தக் கேள்விக்கு எண்களே பதில் சொல்கின்றன.

உலக மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு, சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்ற திடீர் வலிகளுக்குப் பூசும் மருந்துகளை 2015இல் ஒப்பிட்டது. டிக்லோஃபினாக் எமல்ஜெல் பூசியவர்களில் 78 விழுக்காட்டினருக்கு நல்ல நிவாரணம். மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் 20 விழுக்காட்டினருக்கே. அதே டிக்லோஃபினாக்கை ஒருவகை ஒட்டுப்பட்டியாகக் கொடுத்த ஆய்வுகளில் 63 விழுக்காடு. மருந்தில்லாத பட்டிக்கு 41. மருந்து ஒன்றுதான். தாங்கி வரும் பொருள் மாறியதும் மருந்துக்கும் வெறும் பூச்சுக்கும் உள்ள இடைவெளி 58லிருந்து 22 ஆகச் சுருங்குகிறது. எமல்ஜெல் ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவுதான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முழங்கால் மூட்டுத் தேய்மானம் போன்ற நாள்பட்ட வலியில் கதை வேறு. அங்கே மருந்துள்ள ஜெல் பூசியவர்களில் பத்தில் ஆறு பேருக்கும், மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் பத்தில் ஐந்து பேருக்கும் வலி நன்றாகக் குறைந்தது என்கிறது 2016ஆம் ஆண்டுத் தொகுப்பு. தடவித் தேய்ப்பதும், குளிர்ச்சியும், நாளடைவில் வலி தானாகத் தணிவதும், நம்பிக்கையும் சேர்ந்து செய்யும் வேலை அந்த ஐந்து. ஆகவே பூசியும் குறையாத முழங்கால் வலிக்கு இன்னொரு பிராண்டு தேடி அலைவதைவிட மருத்துவரைப் பார்ப்பது மேல்.

நாத்தா டி கோகோவிலிருந்து தீப்புண் ஜெல்

இப்போது நம் நகரத்துக் கதை. ஐஸ் கச்சாங்கிலும் பழக் கலவையிலும் போடும் நாத்தா டி கோகோவை உங்கள் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டிருப்பார்கள். தேங்காய்த் தண்ணீரில் ஒருவகை பாக்டீரியா வளரும்போது மேலே ஆடைபோல் படியும் வெள்ளைப் படலம் அது. வேதியியல்படி அது செல்லுலோஸ்: பருத்தியிலும் தாளிலும் இருக்கும் அதே பொருள். ஆனால் பாக்டீரியா நெய்யும் இழைகள் மிக நுண்ணியவை, தூய்மையானவை. எடையில் பெரும்பகுதி தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவை.

மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் புலம் கோலாலம்பூரில் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஸிஸ் சாலை வளாகத்தில் இருக்கிறது. அங்கே பேராசிரியர் முகமட் கைருல் இக்பால் முகமட் அமின் குழுவினர், இந்த உணவுப் பொருளை மருந்து சுமக்கும் ஜெல்லாக மாற்ற முடியுமா என்று ஆராய்ந்தார்கள். உள்ளூர் உணவுத் தொழிற்கூடங்களின் நாத்தா டி கோகோ, செல்லுலோஸுக்கு நல்ல மூலப்பொருள்தானா என்று சோதித்த கட்டுரை 2012இல் ‘சாயின்ஸ் மலேசியானா’ இதழில் வந்தது.

அடுத்த படி, அந்தச் செல்லுலோஸைக் கார்போமரின் அதே அக்ரிலிக் அமிலத்தோடு பிணைப்பது. இதற்குப் பொதுவாக ஒரு பிணைப்பு வேதிப்பொருள் தேவை. அது ஜெல்லில் கொஞ்சம் மிஞ்சினாலும் புண்ணுக்கு நல்லதல்ல. எனவே அவர்கள் எலெக்ட்ரான் கற்றையைக் கலவையில் பாய்ச்சினார்கள். கதிரின் ஆற்றலே சங்கிலிகளைப் பிணைத்துவிட்டது. தண்ணீரைப் பெருமளவு உறிஞ்சும், புண்ணின் நீரையும் இழுத்துக்கொள்ளும் ஹைட்ரோஜெல் கிடைத்தது. எலிகளின் தீப்புண்ணில் அதை வைத்தபோது, ஜெல் வைக்காத புண்களைவிட அவை விரைவாக ஆறின. இது 2014இல் வெளியானது. 2018இல் இன்னும் ஒரு படி மேலே போய், மனிதத் தோல் செல்களையே இந்த ஜெல்லில் ஏற்றி எலிகளின் ஆழமான புண்களில் சோதித்த முடிவை வெளியிட்டார்கள்.

அதே புலத்தைச் சேர்ந்த இங் ஷியாவ் ஃபெர்ன் குழுவினர் எடுத்துக்கொண்டது நம் கொல்லைப்புற முருங்கை. முருங்கை இலைச் சாற்றை ஒரு மெல்லிய, ஈரம் உறிஞ்சும் படலத்தில் ஏற்றி, நீரிழிவு உள்ள எலிகளின் புண்களில் வைத்துப் பார்த்தார்கள். புண் ஆறுவது விரைவுபட்டது.

“பார்த்தீர்களா, முருங்கை இலையை அரைத்துக் கட்டினால் போதும்” என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவர்கள் பயன்படுத்தியது அளவிட்டுத் தரப்படுத்திய சாறு. ஒவ்வொரு முறையும் அதே அளவு, அதே தூய்மை. அம்மியில் அரைத்த இலையில் என்ன இருக்கிறது, எத்தனை கிருமி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எலியில் கிடைத்த வெற்றி மனிதருக்கும் அப்படியே பலிக்கும் என்பதும் இல்லை. வீட்டு வைத்தியத்துக்கும் மருந்துக்கும் நடுவே உள்ள தூரம் இதுதான்.

இந்த ஆய்வு நமக்கு ஏன் முக்கியம்? 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் விகிதம் மிக அதிகம். ஆறாத கால்புண்ணால் விரலையோ பாதத்தையோ இழந்த உறவினர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு.

உள்ளே போவது கூடுதலாகவும் போகும்

நல்ல ஜெல் மருந்தைத் திறமையாக உள்ளே அனுப்பும். அதனால்தான் அளவு முக்கியமாகிறது. ஒரு முழங்காலுக்கு அட்டையில் சொன்னபடி டிக்லோஃபினாக் ஜெல் பூசினால், உடலுக்குள் சேரும் மருந்து மாத்திரை சாப்பிடும்போது சேர்வதில் ஏறக்குறைய 6 விழுக்காடு. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அது பெரிய நிம்மதி. ஆனால் இரண்டு முழங்கால், இரண்டு கை என்று நாளுக்கு 48 கிராம் பூசினால் அது 20 விழுக்காடாகிறது. அதோடு வலி மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டால்?

மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவுக்காரர். தூய மெத்தில் சாலிசிலேட் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் அடங்கும். 2007இல் நியூயார்க்கில் 17 வயது ஓட்டப் பந்தய வீராங்கனை ஒருவர் இறந்தார். தசைவலிப் பூச்சுகளை அளவுக்கு மீறிப் பூசியதில் இந்தப் பொருள் உடலில் சேர்ந்ததே காரணம் என்று பிரேதப் பரிசோதனை அதிகாரிகள் அறிவித்தார்கள். வார்ஃபரின் என்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, சாலிசிலேட் தைலம் அதிகம் பூசினால் இரத்தக் கசிவு கூடலாம். பக்கவாதமோ இதயக் கோளாறோ வந்த பெரியவர்கள் உள்ள வீட்டில் இதை மறக்காதீர்கள்.

ஜெல் ஒருவர் தோலோடு நிற்பதும் இல்லை. ஆண்களுக்கான டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ஜெல் பூசிய தந்தையின் தோலில் பட்ட குழந்தைகளுக்கு, வயதுக்கு முந்திய பருவ மாற்றங்கள் தோன்றின. 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்காக அட்டையிலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் செய்தது. ஹார்மோன் ஜெல் பூசினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பூசிய இடத்தைத் துணியால் மறைக்க வேண்டும். வலி ஜெல்லானாலும் பூசிய கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

சூடு ஒத்தடமும் இறுக்கமான கட்டும் சுவரை மேலும் தளர்த்தும். பூசிய இடத்தில் பிளாஸ்டிக் சுற்றினாலோ வெந்நீர்ப் பை வைத்தாலோ மருந்து பல மடங்கு வேகத்தில் போகும்; தோலும் வெந்து போகலாம். நீரிழிவால் பாதம் மரத்துப் போனவருக்கு அந்த எரிச்சல் தெரியாது. காலையில் கொப்புளத்தைக் கண்ணால் பார்த்துத்தான் அறிவார்.

சிறு குழந்தையின் தோலும் கவனிக்க வேண்டியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோலின் பரப்பு அதிகம். பெரியவருக்குச் சிறிய அளவு என்பது குழந்தைக்குப் பெரிய அளவாகிவிடும். கற்பூரமும் மென்தாலும் உள்ள தைலத்தை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பூசக் கூடாது, மூக்கருகே கொண்டுபோகவே கூடாது.

டியூப்பில் என்ன பார்க்க வேண்டும்?

மலேசியாவில் விற்கப்படும் மருந்துகளை, பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை சரிபார்க்கிறது. பதிவு பெற்ற மருந்தின் அட்டையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண்ணும் பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டும் இருக்கும். அழகுப் பொருள்களுக்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கும் எண். இந்த இரண்டாவது எண் இருந்தால் அது மருந்தல்ல. வலியைத் தீர்க்கும், நோயைக் குணமாக்கும் என்று சொல்லி அதை விற்கவும் கூடாது.

முகத்தை வெளுக்கச் செய்யும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் ஆகியவை ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சுகாதார அமைச்சு அடிக்கடி அறிவிப்பு வெளியிட்டு வருகிறது. மேலே சொன்ன அளவுகளை நினைத்துப் பாருங்கள்: முன்கையைவிட நெற்றியில் ஆறு மடங்கு, தாடையில் பதின்மூன்று மடங்கு. இந்த கிரீம் பூசப்படுவது சரியாக அங்கேதான். பீட்டாமெத்தசோன் மாதக் கணக்கில் பட்டால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். எண் இல்லாத கிரீமை, யார் எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.

அடுத்த முறை மருந்தகத்தில் ஜெல் வாங்கும்போது மருந்தாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு வேளைக்கு எத்தனை சென்டிமீட்டர் அல்லது எத்தனை கிராம்? நான் சாப்பிடும் மாத்திரைகளோடு இது சேருமா? எத்தனை நாளுக்குப் பிறகு நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்? மாத்திரைப் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டு போனால் இரண்டு நிமிட வேலைதான்.

நீரிழிவு உள்ளவரின் காலில் புண் என்றால் அந்த மூன்று கேள்விக்கும் காத்திருக்க வேண்டாம். புண்ணில் சுவரே இல்லை; செங்கல் பெயர்ந்த இடம் அது. அங்கே வைக்கும் எதுவும் நேராக உள்ளே போகும், கிருமி உட்பட. தைலம், மஞ்சள், அரைத்த இலை எதையும் வைக்காமல், சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.